ஓர் இடத்துக்கு வைத்த பெயரை எப்போது மாற்ற வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், 2018 வரை கிரகாம்ஸ்டவுன் என்று அழைக்கப்பட்டுவந்த ஒரு சிறு நகரம் இருக்கிறது. 1811–12இல் கோசா மக்களின் விளைநிலங்களை அழித்து, கால்நடைகளைக் கவர்ந்து, ஆயிரக்கணக்கானோரை ஆற்றுக்கு அப்பால் விரட்டியடித்த பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஜான் கிரகாமின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. 2018இல் அந்நாட்டு அரசு அப்பெயரை நீக்கி, நகரத்துக்கு மக்காண்டா என்று பெயர் சூட்டியது. மக்காண்டா என்பவர் 1819இல் அதே நகரத்தின் மீது படை நடத்திச் சென்று தோற்று, ராபன் தீவில் சிறைவைக்கப்பட்டு, அங்கிருந்து தப்ப முயன்றபோது கடலில் மூழ்கி உயிரிழந்த கோசா தலைவர். நகரத்தின் பெயர் மாறிவிட்டது; ஆனால் அந்நகரத்தின் நடுவே இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் மாறவில்லை. அது இன்றும் ரோட்ஸ் பல்கலைக்கழகம்தான்.

சிசில் ரோட்ஸ், 1890 முதல் 1896 வரை கேப் காலனியின் பிரதமராக இருந்தவர். கறுப்பின மக்களின் வாக்குரிமையையும் நில உரிமையையும் சுருக்கிய சட்டங்களுக்குக் காரணமானவர். தம்முடைய கம்பெனியின் படையைக் கொண்டு இன்றைய ஜிம்பாப்வேயின் நிலங்களைக் கைப்பற்றியவர். அவருடைய பெயரை நீக்க வேண்டும் என்று மாணவர்கள் போராடினார்கள். 2017 டிசம்பரில் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் வாக்கெடுப்பு நடத்தி, பெயரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. மாற்றத்துக்கு ஆகும் செலவும், அந்தப் பெயருக்குக் கல்வியுலகில் ஏற்கெனவே உருவாகியிருந்த மதிப்பும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கிரகாமின் பெயரைத் தாங்க மறுத்த ஊர், ரோட்ஸின் பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இதை முரண்பாடு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், கடந்தகாலத்தில் பெருந்தீங்கு செய்தவர்களின் பெயரால் அழைக்கப்படும் ஊர், தெரு, மலை, பள்ளி ஆகியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி உலகின் பல நாடுகளிலும் எழுந்துகொண்டிருக்கும்போது, ஒரே ஊரில் இரண்டு விதமான முடிவுகள் எப்படி வருகின்றன என்பதைப் புரிந்துகொள்வது பயனுள்ளது. இந்த விவாதத்தைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவருக்குத் தேவையான சில அடிப்படைக் கருத்துகளை இங்கே எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

பதிவு வேறு, மரியாதை வேறு

பெயர்மாற்றக் கோரிக்கை எழும்போதெல்லாம் முதலில் வரும் எதிர்ப்பு, "வரலாற்றை அழிக்கிறார்கள்" என்பதுதான். இதற்குப் பதில் காண, வரலாற்றைப் பதிவு செய்வதும் ஒருவருக்கு மரியாதை செய்வதும் இருவேறு செயல்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நூல்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள், பாடத்திட்டம் ஆகியவை பதிவின் பக்கம் நிற்பவை. ஒரு சதுக்கத்துக்கு ஒருவர் பெயரைச் சூட்டுவது மரியாதையின் பக்கம் நிற்பது. "இவரைப் போன்றவரை நாங்கள் போற்றுகிறோம்" என்று ஊர் கூடிச் சொல்லும் சொல் அது. பெர்லினில் இன்று தியோடர் ஹாய்ஸ் சதுக்கம் என்று அழைக்கப்படும் இடம், 1933இலிருந்து 1947 வரை அடால்ஃப் ஹிட்லர் சதுக்கமாக இருந்தது. அந்தப் பெயர் நீக்கப்பட்டதால் ஹிட்லர் யார் என்பதை ஜெர்மானியர்கள் மறந்துவிடவில்லை. அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் நடத்தப்பட்ட பாடங்களும் அதன் பிறகுதான் பெருகின. நீங்கியது நினைவு அன்று, மரியாதை மட்டுமே.

ஒரு பெயர் எதைப் போற்றுகிறது என்பதும் எப்போதும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலுள்ள சாரிட்சின் நகரம் 1925இல் ஸ்டாலின்கிராட் ஆயிற்று. ஸ்டாலினின் கொடுமைகள் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்ட காலத்தில், 1961இல், அது வோல்கோகிராட் ஆயிற்று. ஆனால் பாரிஸ் நகரின் மெட்ரோவில் ஸ்டாலின்கிராட் என்னும் நிலையம் 1946 முதல் இன்றுவரை இருக்கிறது. அது போற்றுவது ஸ்டாலினை அன்று, நாஜிப் படையின் முன்னேற்றத்தை முறியடித்த அந்தப் போரையும் அதில் மடிந்தவர்களையும். எழுத்து ஒன்றாக இருந்தும் மரியாதை போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கிறது. எனவே ஒரு பெயரைப் பார்த்த உடனே, "இதிலுள்ள மனிதர் நல்லவரா கெட்டவரா" என்று கேட்பதற்கு முன்பு, "இந்தப் பெயர் எதைப் போற்றுவதற்காக வைக்கப்பட்டது" என்று கேட்பது நல்லது.

பெயர் வைத்த காலத்தைப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்படும், ஆனால் மிக அதிகமாக விளக்கம் தரும் கேள்வி இதுதான்: பெயர் எந்த ஆண்டில் வைக்கப்பட்டது, அந்த ஆண்டில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? பொதுவாக, ஒரு மனிதர் வாழ்ந்த காலத்துக்கும் அவருடைய பெயர் ஓர் இடத்துக்கு வந்த காலத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் உண்மையான காரணம் ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனன்டோவா என்னும் மாவட்டத்திலுள்ள ஒரு பள்ளிக்கு ஸ்டோன்வால் ஜாக்சன் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வைக்கப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைத்தளபதியான ஜாக்சன் இறந்தது 1863இல். பள்ளி தொடங்கப்பட்டதோ 1959இல். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று வர்ஜீனியாவின் அரசியல் தலைமை பகிரங்கமாக எதிர்த்து நின்ற ஆண்டுகள் அவை. அத்தகைய ஆண்டில் ஒரு புதிய பள்ளியின் வாசலில் அந்தத் தளபதியின் பெயரை எழுதுவது, உள்ளே வரக் கூடாதவர்கள் யார் என்று எழுதிவைப்பதற்குச் சமம். நூறாண்டுக்கு முன் இறந்தவரைப் பற்றிய செய்தியாக அது அங்கே எழுதப்படவில்லை.

ஜெர்மனியில் கார்ல் பீட்டர்ஸின் பெயரை எடுத்துக்கொள்வோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியக் காலனியை நிறுவியவர்களில் முதன்மையானவர் அவர். கிளிமஞ்சாரோ பகுதியில் அதிகாரியாக இருந்தபோது ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணையும் ஒரு பணியாளரையும் தூக்கிலிட்ட செய்தி ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் பெரும் கண்டனத்துக்கு ஆளாகி, 1897இல் ஒழுங்கு நடவடிக்கை நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கம் செய்தது. "தூக்கு பீட்டர்ஸ்" என்று அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே அவரை ஏசின. அவருடைய பெயருக்கு மறுவாழ்வு தந்தது ஹிட்லரின் ஆட்சிதான். 1939இல் பெர்லினின் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

"அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்ற கேள்விக்கு இந்த வரலாறு நல்ல விடையைத் தருகிறது. அது நியாயமான கேள்விதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறைகள் இருந்திருக்கின்றன, நமக்கும் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்திருந்தார்கள் என்று தம்மை அறியாமலேயே எடுத்துக்கொள்கிறார்கள். பீட்டர்ஸை அவருடைய காலத்து நீதிமன்றமே தண்டித்தது. அடிமை முறை சரியா தவறா என்று அடிமைப்பட்டிருந்தவர்களிடம் கேட்டிருந்தால், எந்த நூற்றாண்டிலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான். எனவே அந்தக் காலத்தின் அளவுகோல் என்று நாம் சொல்வது பல நேரங்களில், அந்தக் காலத்தில் எழுதவும் ஆளவும் வாய்ப்புப் பெற்றிருந்தவர்களின் அளவுகோல் மட்டுமே.

யேல் வகுத்த கேள்விகள்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கால்ஹூன் பெயரில் ஒரு மாணவர் கல்லூரி இருந்தது. யேலில் படித்து, அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் கால்ஹூன். அடிமை முறையைத் தவிர்க்க முடியாத தீமை என்றுகூடச் சொல்லாமல், அது ஒரு நன்மை என்றே 1837இல் செனட் சபையில் வாதாடியவரும் அவரே. அந்தக் கல்லூரியின் உணவுக்கூடத்தில், பருத்திக் கூடைகளைத் தலையில் சுமந்து நிற்கும் அடிமைகளைச் சித்திரித்த ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருந்தது. 2016இல், அங்கே வேலை பார்த்துவந்த கறுப்பினப் பணியாளர் ஒருவர் துடைப்பக் கம்பால் அந்தக் கண்ணாடியை உடைத்தார். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நாள்தோறும் அதன் கீழே நின்று வேலை செய்ய வேண்டியிருந்தவர் அவர்தான். பெயர்களையும் சிலைகளையும் பற்றிய விவாதம் ஒரு மனிதரின் அன்றாட வேலை நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை, எந்த அறிக்கையையும் விட அந்தச் சன்னல் எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

பெயரை மாற்றப்போவதில்லை என்று 2016 ஏப்ரலில் அறிவித்திருந்த பல்கலைக்கழகம், எதிர்ப்பு வலுத்த பிறகு ஒரு நல்ல காரியம் செய்தது. கால்ஹூன் பெயரை மாற்றலாமா என்று நேரடியாகக் கேட்காமல், எந்தப் பெயராக இருந்தாலும் மாற்றுவதற்கான பொது நெறிகள் என்னவாக இருக்க வேண்டும் என்று வகுத்துத் தருமாறு ஒரு குழுவை அமைத்தது. பெயரை மாற்றுவது அரிதாகவே நடக்க வேண்டும் என்பதை முதலில் நிறுவிவிட்டு, அந்தக் குழு சில கேள்விகளை முன்வைத்தது. அந்த மனிதர் விட்டுச்சென்றவற்றில் முதன்மையானது எதுவோ, அது இந்த நிறுவனத்தின் நோக்கத்துக்கு அடிப்படையிலேயே முரணானதா? அவருடைய காலத்திலும் இடத்திலும் அது கடுமையாக எதிர்க்கப்பட்டதா? பெயர் சூட்டியபோது நிறுவனம் சொன்ன காரணங்கள் அதன் நோக்கத்துக்கு முரணானவையா? அந்தக் கட்டடம், மாணவர்கள் ஒரு சமூகமாகக் கூடி வாழ்வதில் பெரிய பங்கு வகிக்கிறதா?

இவற்றுள் "முதன்மையானது எது" என்ற கேள்விதான் மற்றவற்றைத் தாங்கி நிற்கிறது. குறையே இல்லாத மனிதர் வரலாற்றில் இல்லை. குறை இருப்பவர்களை எல்லாம் நீக்கத் தொடங்கினால் பெயர்ப்பலகைகள் அனைத்தும் வெறுமையாகிவிடும். ஒரு பெரிய பணியைச் செய்தவரிடம் ஒரு குறையும் இருந்தது என்பது ஒரு நிலை. அந்தக் குறையே அவருடைய பெரிய பணியாக இருந்தது என்பது முற்றிலும் வேறு நிலை. கால்ஹூன் இரண்டாம் வகையில் வருகிறார் என்று யேல் முடிவு செய்தது. 2017இல் அந்தக் கல்லூரிக்கு, அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற கணினி அறிவியல் முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் பெயர் வந்தது. அதே நேரத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரே மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் என்பதையும், அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் அங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. இன்று யேல் என்றால் அந்த ஆளுநர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். அது ஓரளவு உண்மையே. ஆயினும், கட்டடத்தின் பெயரை மாற்றுவதைவிட நிறுவனத்தின் பெயரை மாற்றுவது கடினம் என்பதும் அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நாம் போற்றுபவர்களுக்கும் இதே கேள்வி வரும். 2016இல் கானா பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பட்ட காந்தி சிலை, 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தி ஆப்பிரிக்கர்களைத் தாழ்த்தி எழுதிய வரிகளை அங்குள்ள பேராசிரியர்களும் மாணவர்களும் எடுத்துக்காட்டினார்கள். அந்த வரிகள் இருப்பது உண்மை. பிற்காலத்தில் அவருடைய பார்வை மாறியதும், ஆப்பிரிக்காவின் விடுதலை இயக்கத் தலைவர்கள் பலர் அவரிடமிருந்து கற்றதும் உண்மை. காந்தியின் முதன்மையான பணி அந்த வரிகளில் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்தச் சிலையின் எதிரே நாள்தோறும் நடந்துபோகிறவர்கள் கானா மக்கள் என்பதால், முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுடையதே. பிறர் போற்றுபவரைக் கேள்வி கேட்க நமக்கு இருக்கும் அதே உரிமை, நாம் போற்றுபவரைக் கேள்வி கேட்கப் பிறருக்கும் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்த விவாதத்தில் நேர்மையாகப் பங்கேற்க முடியும்.

ஆவணங்களைப் படிக்காமல் எடுத்த முடிவுகள்

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் பள்ளி நிர்வாகக் குழு 44 பள்ளிகளின் பெயர்களை மாற்றத் தீர்மானித்தது. பட்டியலில் ஆபிரகாம் லிங்கனும் ஜார்ஜ் வாஷிங்டனும்கூட இருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின் வீரரான பால் ரிவியரின் பெயரை நீக்கச் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: 1779ஆம் ஆண்டின் பெனோப்ஸ்காட் படையெடுப்பில் அவர் பங்கேற்றார், அது பெனோப்ஸ்காட் பழங்குடி மக்களின் நிலத்தைப் பறிப்பதற்கானது என்பது. உண்மையில் அது பெனோப்ஸ்காட் விரிகுடாவில் கோட்டை அமைத்திருந்த பிரிட்டிஷ் படைக்கு எதிரான படையெடுப்பு. வரலாற்று ஆய்வாளர்களைக் கலந்து பேசாமல் தயாரிக்கப்பட்ட அந்தப் பட்டியல் நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாகி, ஏப்ரலில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் இருந்த சில பெயர்களை மாற்றுவதற்கு வலுவான காரணங்கள் இருந்திருக்கலாம். தவறான பெயர்களோடு சேர்ந்து அவையும் விவாதத்திலிருந்து விழுந்துபோயின.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, கொலராடோ மாநிலத்தில் நடந்தது. 1864 நவம்பர் 29 அன்று, சேண்ட் கிரீக் என்னும் ஓடைக்கரையில், தாம் அமைதிப் பாதுகாப்பின் கீழ் இருப்பதாக நம்பித் தங்கியிருந்த ஷையான், அரபஹோ பழங்குடி மக்களைக் கர்னல் சிவிங்டனின் படை தாக்கிச் சுமார் 230 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அப்போது அப்பகுதியின் ஆளுநராக இருந்தவர் ஜான் எவன்ஸ். அவர் அன்று அங்கே இல்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், பகைமை கொண்ட பழங்குடியினரை வேட்டையாடிக் கொல்லலாம், அவர்களுடைய உடைமைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று குடிமக்களுக்கு அறிக்கை விட்டவர் அவர். விசாரணைக்குப் பிறகு 1865இல் அவர் பதவி விலக நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1895இல், கொலராடோவின் உயரமான சிகரங்களில் ஒன்றுக்கு அவர் பெயர் அதிகாரபூர்வமாயிற்று.

எவன்ஸ் நிறுவனர்களில் ஒருவராக இருந்த இரண்டு பல்கலைக்கழகங்கள், நார்த்வெஸ்டர்னும் டென்வரும், தனித்தனியே ஆய்வுக் குழுக்களை அமைத்து 2014இல் அறிக்கைகள் வெளியிட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆவணங்களைப் படித்தன. எவன்ஸ் அந்தப் படுகொலையைத் திட்டமிட்டதற்குச் சான்று இல்லை, ஆனால் அதற்கு வழிவகுத்த சூழலை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர் என்றது நார்த்வெஸ்டர்ன். டென்வர் குழுவோ, அவர் படுகொலைக்குப் பொறுப்பாளியே என்று இன்னும் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. கவனமாக ஆராய்பவர்களிடையேகூடக் கருத்து வேறுபாடு வரும் என்பதை இதிலிருந்து காணலாம். ஆனால் அந்த வேறுபாடு ஊகங்களின் மேல் நிற்கவில்லை. எந்த ஆவணத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பதில் நின்றது. பொது விவாதம் நடக்க வேண்டிய தளம் அதுதான்.

2023 செப்டம்பரில் அந்த மலைக்குப் புளூ ஸ்கை என்னும் புதிய பெயர் வந்தது. நீல வானத்தின் மக்கள் என்று அறியப்படும் அரபஹோ மக்களோடும், அப்பெயரில் ஒரு சடங்கை நடத்தும் ஷையான் மக்களோடும் தொடர்புடைய பெயர் என்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் வடக்கு ஷையான் மக்களின் பிரதிநிதிகள், தங்களுடைய புனிதச் சடங்கோடு தொடர்புடைய சொல்லை எல்லோர் வாயிலும் புழங்கும் பெயராக்குவது சரியன்று என்று எதிர்த்தார்கள். அவர்களோடு பேச வேண்டியிருந்ததால் முடிவு பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. பழைய பெயர் தவறு என்பதில் உடன்பட்டவர்களேகூடப் புதிய பெயரில் உடன்படாமல் போகலாம். ஆகவே பெயரை நீக்குவதையும் புதுப்பெயர் தேடுவதையும் இரண்டு தனி வேலைகளாக எடுத்துக்கொள்வதே நல்லது.

இடைப்பட்ட வழிகள்

பெயரை மாற்றாமலே அது போற்றும் மனிதரை மாற்றிவிடும் வழியும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் மாவட்டம், 1852இல் வில்லியம் ரூஃபஸ் கிங் என்னும் அடிமை உடைமையாளரின் பெயரால் உருவானது. இனி இந்தப் பெயர் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும் என்று மாவட்ட மன்றம் 1986இல் தீர்மானித்தது. 2005இல் மாநிலச் சட்டமும் அதை ஏற்றது. பலகைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாவட்டத்தின் சின்னத்தில் அவருடைய முகம் இடம்பெற்று, மக்கள் மனதிலும் அந்தப் பொருள் பதிந்துவிட்டது. பெர்லினும் இதே வழியை முயன்றது. கார்ல் பீட்டர்ஸின் பெயரிலிருந்த சாலை, நாஜி ஆட்சியை எதிர்த்த சட்ட அறிஞர் ஹான்ஸ் பீட்டர்ஸைக் குறிக்கும் என்று 1986இல் அறிவிக்கப்பட்டது. அங்கே அது பலிக்கவில்லை. சுற்றியிருந்த தெருக்களெல்லாம் காலனி ஆட்சியின் பெயர்களைத் தாங்கியிருந்த அந்தப் பகுதியில், அந்தப் பீட்டர்ஸ் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பிறகு, 2024இல் அந்தச் சாலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதிக்கு 1959இல் விண்ட்ஹூக்கில் சுட்டுக் கொல்லப்பட்ட நமீபியப் பெண் அன்னா முங்குண்டாவின் பெயரும், மற்றொரு பகுதிக்கு ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்து 1905இல் தொடங்கிய மாஜி மாஜி எழுச்சியின் பெயரும் சூட்டப்பட்டன. ஒரே உத்தி சியாட்டிலில் வென்றதற்குக் காரணம், புதிய கிங் பழைய கிங்கைவிடப் பல மடங்கு புகழ்பெற்றவர் என்பதுதான்.

மற்றொரு வழி, பெயரை அப்படியே விட்டு, விளக்கப் பலகை வைப்பது. அடிமை வணிகத்தால் செழித்த பிரெஞ்சுத் துறைமுகமான போர்தோ, 2020இல் சில தெருக்களில் இத்தகைய பலகைகளை வைத்தது. கேட்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த வழி, எப்படிச் சிக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சான்று. எட்வர்ட் கோல்ஸ்டன் 1721இல் இறந்தவர். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை ஆளுநராக இருந்தவர். தம் செல்வத்தில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தவர். 1895இல் நிறுவப்பட்ட அவருடைய சிலையின் பீடம், அவரை நகரத்தின் அறவோரும் அறிவோருமான மைந்தர்களில் ஒருவர் என்று புகழ்ந்தது. அடிமை வணிகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 2018இல் இன்னொரு பலகையைச் சேர்க்கும் முயற்சி தொடங்கிற்று. எத்தனை பேர் கடத்தப்பட்டார்கள் என்று எழுதலாமா, எவ்வளவு அழுத்தமாக எழுதலாம், அவருடைய கொடைகளுக்கு எத்தனை வரி என்று வாசகத்தின் மேலேயே சண்டை நீண்டு, வரைவுகள் திருத்தப்பட்டு நீர்த்துப்போயின. 2019இல் நகரத்தின் மேயர் அந்த வாசகத்தை ஏற்க முடியாது என்று தடுத்தார். பலகை வரவே இல்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளியது. கும்பல் கூடிச் செய்வதை நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் முறைப்படி கேட்பவர்களுக்குப் பல ஆண்டுகள் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விளைவு உண்டு.

மூன்றாவதாக ஒரு வழியை நெல்சன் மண்டேலா காட்டினார். 2002இல் ரோட்ஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து மண்டேலா–ரோட்ஸ் அறக்கட்டளை உருவாக அவர் தம் பெயரைத் தந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து எடுக்கப்பட்ட செல்வத்தை ஆப்பிரிக்க இளைஞர்களின் படிப்புக்குத் திருப்புவது அதன் நோக்கம். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவோரும், ரோட்ஸுக்குக் கிடைத்த மன்னிப்புச் சான்றிதழ் என்று வருந்துவோரும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. தீங்குக்கு ஆளான மக்களின் தலைவரே எடுத்த முடிவு என்பதால், அதைத் தீங்கு செய்தவர்களின் வாரிசுகள் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவது மட்டும் பொருந்தாது.

செலவும் நிலைத்தன்மையும்

முகவரிகள், வரைபடங்கள், சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், கடைகளின் பெயர்ப்பலகைகள் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் ஏராளம். கனடாவின் டொராண்டோவில், அடிமை வணிக ஒழிப்பைத் தாமதப்படுத்தியதாகக் குற்றம்சாட்டப்படும் ஹென்றி டண்டாஸின் பெயரிலிருந்த நீண்ட சாலையின் பெயரை மாற்றுவது என்று நகர மன்றம் 2021இல் முடிவு செய்தது. செலவு மதிப்பீடு ஒரு கோடி டாலரைத் தாண்டியதும் 2023இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு சதுக்கத்தின் பெயரையும் சில நிலையங்களின் பெயர்களையும் மட்டும் மாற்றுவது என்று சுருக்கிக்கொண்டது. செலவைக் காரணமாகச் சொல்வோர் எல்லோரையும் சாக்குச் சொல்பவர்களாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செலவை ஏற்பது யார் என்பது, சிறு கடைக்காரரும் குடியிருப்பவரும் தம் கைப்பணத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா என்பது, பெயர்மாற்றத்துக்கு ஆதரவாக நிற்பவர்கள் முதலிலேயே பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அவசரமாகச் செய்த மாற்றம் நிலைப்பதும் இல்லை. முன்பு சொன்ன ஷெனன்டோவா பள்ளியின் பெயர் 2020இல் நீக்கப்பட்டது. பொதுமக்களிடம் போதிய கருத்துக் கேட்காமல் செய்யப்பட்டது என்ற குறை அப்போதே எழுந்தது. அந்தக் குறையையே முன்வைத்து, புதிதாக அமைந்த நிர்வாகக் குழு 2024 மே மாதம் 5–1 என்ற வாக்குகளில் ஜாக்சனின் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் திரும்பியது எனக்கு வேதனை தருகிறது. ஏனெனில் 1959இல் அது எதற்காக வைக்கப்பட்டதோ அந்தக் காரணம் மாறிவிடவில்லை. ஆனாலும், ஊரோடு உட்கார்ந்து பேசி, ஆவணங்களை மேசையில் வைத்து, எதிர்ப்பவர்களின் வாதத்துக்கும் எழுத்தில் பதில் சொல்லி எடுத்த முடிவாக 2020இன் பெயர் நீக்கம் இருந்திருந்தால், நான்கே ஆண்டுகளில் அதைக் கவிழ்ப்பது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பெயர்மாற்றம் முடிந்த பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த கனடாவின் உறைவிடப் பள்ளி முறைக்குக் கருத்தளவில் வித்திட்டவர்களில் ஒருவரான எகர்டன் ரயர்சனின் பெயரைத் தாங்கியிருந்த பல்கலைக்கழகம், 2022இல் டொராண்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதற்கு வழிகாட்டிய குழு 22 பரிந்துரைகளைத் தந்திருந்தது. பெயர்மாற்றம் அவற்றுள் ஒன்று மட்டுமே. ரயர்சனின் வரலாற்றையும் அவரால் பாதிக்கப்பட்ட மக்களின் வரலாற்றையும் வளாகத்தில் தொடர்ந்து எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது மற்றவற்றில் அடங்கும். பிரிஸ்டலிலும், நீரிலிருந்து மீட்கப்பட்ட கோல்ஸ்டன் சிலை நகர அருங்காட்சியகத்தில், போராட்டக்காரர்கள் பூசிய வண்ணம் அழிக்கப்படாமல், படுத்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் யார், யார் அவருக்குச் சிலை வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், யார் ஏன் வீழ்த்தினார்கள் என்பதெல்லாம் அங்கே பார்வையாளருக்கு விளக்கப்படுகின்றன. தெருவில் பீடத்தின் மேல் நின்ற நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் அந்தச் சிலை இவற்றில் ஒன்றைக்கூட எவருக்கும் சொன்னதில்லை.